கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள்

எந்தப் பிள்ளை எதைத் தின்றாலும் அது எந்தப் பக்கம் மெல்லுகிறது என்று பார்ப்பாள் பஞ்சக்கா. பேருந்தில் எதிர் இருக்கையில் பிஸ்கட் கடிக்கிற பிள்ளை, பூங்காவில் ஆப்பிளைக் கடித்து ஒரு கன்னத்திலேயே ஒதுக்கி வைத்திருக்கிற பிள்ளை, ஒன்றையும் விடமாட்டாள். ஒரே பக்கமாக மென்றால் மறுபக்கத்தில் ஏதோ உபத்திரவம் இருக்கிறது என்று பொருள். ஒருமுறை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "உங்க பிள்ளைக்கு இடது பக்கம் பல்லு கூசுதாம்மா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பஞ்சக்கா யாரிடமும் கேட்பதில்லை. பார்ப்பதோடு சரி.

பஞ்சு என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை ஒன்றில் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்கிறவள் அவள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பஞ்சுச் சுருளை வைப்பது, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கேட்கும் முன்பே கருவியை எடுத்து நீட்டுவது, இவைதான் வேலை. வீட்டுக்குப் போன பிறகும் சட்டைக் கையில் பஞ்சு இழை ஒட்டியிருக்கும். யாரோ ஒரு பிள்ளை "பஞ்சு ஆன்ட்டி" என்று ஆரம்பித்து வைக்க, பக்கத்து மருந்துக் கடைக்காரர்வரைக்கும் அவள் பஞ்சக்காவாகிவிட்டாள். கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிற அவள் கணவர் மட்டும் கோபம் வந்தால், "பேருதான் பஞ்சு, பேச்செல்லாம் கல்லு" என்பார்.

அவள் அங்கே முதலில் தரை துடைக்கத்தான் போனாள். படிப்பு பாதியில் நின்றுபோனவள். ஒரு நாள் உதவியாளர் வராமல் போக, டாக்டரம்மா துடைப்பத்தைக் கீழே வைக்கச் சொல்லி, கையைக் கழுவவைத்து, குழாயைப் பிடிக்கச் சொன்னார். அன்று பிடித்த குழாயை இன்றுவரை விடவில்லை.

அந்த அறை பெரியது இல்லை. நடுவில் சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் கை நீட்டிய விளக்கு, சுவரோரம் கருவி கழுவுகிற தொட்டி. கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. பெற்றவர்களில் ஒருவர் உள்ளே இருக்கலாம், மற்றவர்கள் பெஞ்சில்.

டாக்டரம்மாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அந்த அறையில் யாரும் பிள்ளையிடம் "வலிக்காது" என்று சொல்லக் கூடாது. "வலிச்சா கையைத் தூக்கு, நிறுத்திடறோம்" என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிளகளவு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குப் பிள்ளையின் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதைப் பார்ப்பது பஞ்சக்காவின் பொறுப்பு. கை எழும்பினால் "டாக்டர்" என்பாள். அந்த ஒரு சொல் போதும், சுழல்கிற கருவி நின்றுவிடும். ஒரு பொடியன் கையைத் தூக்கி, "இந்த நாற்காலி சுத்துமா?" என்று கேட்டான். அதற்கும் நிறுத்தினார்கள். இந்த விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளும் அவள்தான். முதலில் கையைத் தூக்கிப் பழகச் சொல்வாள். பிள்ளை தூக்கியதும் "டாக்டர்" என்பாள். டாக்டரம்மா இரண்டு கைகளையும் மேலே காட்டுவார், போலீஸைக் கண்ட திருடன்போல. பிள்ளை சிரித்துவிடும்.

அங்கே வருகிற பிள்ளைகளில் ஒரு வகை உண்டு. ஆறு வயதில், பால் பல் எதுவும் விழாமலேயே, வரிசைக்குக் கடைசியில் சத்தமில்லாமல் ஒரு பெரிய பல் முளைக்கும். ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் அது. ஒன்றும் விழாததால் அதுவும் பால் பல்தான் என்று பெற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தப் பல்லின் எனாமல் இறுகாமலேயே வெளியே வந்துவிடும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் பழுப்பும் திட்டுத் திட்டாக இருக்கும். கடித்தால் ஓரம் உதிரும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகும். டாக்டரம்மா அதைச் "சாக்பீஸ் பல்" என்பார். நல்ல பல்லில் ஒட்டுகிற மருந்து அதில் சரியாக ஒட்டாது. மரத்துப்போக ஊசி போட்டாலும் சில சமயம் முழுசாகக் கேட்காது, இன்னொரு ஊசி தேவைப்படும். வருகிற தாய்மார்கள் முதலில் கேட்பது ஒன்றுதான், "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" அவர்களுக்குப் பதில் சொல்கிறவளும் பஞ்சக்காதான். "உங்க தப்பு இல்லம்மா. பிள்ளை கைக்குழந்தையா இருக்கிறப்பவே உள்ள அந்தப் பல்லு உருவாக ஆரம்பிச்சிருது. எதனால இப்படி ஆகுதுன்னு பெரிய டாக்டருங்களுக்கே உறுதியா தெரியல." இதை அவள் நூறு பேருக்காவது சொல்லியிருப்பாள்.

அவளுக்கு ஒரே மகள். இது ஆரம்பித்தபோது ஏழு வயது. வீட்டிலும் வெளியிலும் வாயாடி என்றால்தான் தெரியும். காலையில் கண் திறக்கும்போதே பேச்சும் திறந்துவிடும். பல் தேய்க்கிற நேரத்தில் மட்டும் அந்த வாய் மூடிக்கொள்ளும்.

"தண்ணி குத்துதும்மா."

"தண்ணி குத்துமா? அது என்ன ஊசியா?"

"எனக்குக் குத்துது."

"எல்லாம் சோம்பேறித்தனம். ஊரான் பிள்ளைக்கெல்லாம் நான் தேய்க்கச் சொல்லிக் குடுக்கறேன், என் பிள்ளை இப்படி. ஆ காட்டு, நேரமாச்சு."

அவளே பிரஷை வாங்கி அழுத்தித் தேய்ப்பாள். மகள் சிங்கின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள், கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஒரு வருடத்துக்கு மேல் இது தினமும் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வாட்டிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த மகள் எதையோ உள்ளங்கையில் துப்பினாள். பழுப்பாக, பயறு அளவில் ஒரு துண்டு.

கணவர் எட்டிப் பார்த்தார். "பால் பல்லுதானே. விழுந்தா விழட்டும், வேற முளைச்சிட்டுப் போகுது."

இதே வார்த்தையை எத்தனையோ அப்பாக்கள் சொல்லக் கேட்டவள் பஞ்சக்கா. செல்போன் விளக்கைப் போட்டு மகளின் வாய்க்குள் பார்த்தாள். கீழே, வலப்பக்கம், கடைசியில். ஒரு மூலை உடைந்து, உள்ளே ஈரச் சுண்ணாம்பின் நிறம் தெரிந்தது. செல்போன் அவள் கையிலிருந்து நழுவி ரொட்டித் தட்டில் விழுந்தது.

"என்ன?" என்றார் கணவர்.

"இது விழற பல்லு இல்லைங்க."

அவர் தட்டிலிருந்து செல்போனை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பேருந்தில் போகிற பிள்ளைகளையெல்லாம் பார்த்தவள், தன் பிள்ளை எந்தப் பக்கம் மெல்லுகிறது என்று பார்த்ததே இல்லை. அவள் வேலை முடிந்து வருவதற்குள் மகளுக்கு அப்பா சாப்பாடு கொடுத்து முடித்திருப்பார்.

மறுநாள் டாக்டரம்மா வாய்க்குள் பார்த்து, எக்ஸ்ரே படமும் எடுத்தார். நான்கு பெரிய பற்களில் இரண்டில் லேசான மஞ்சள் திட்டு மட்டும். ஒன்று சுத்தம். கீழ்வலதுதான் மோசம்.

"கைக்குழந்தையில இவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்துச்சு டாக்டர். நான் வேலைக்கு வந்துட்டேன்" என்றாள் பஞ்சக்கா.

"நீ மத்தவங்களுக்குச் சொல்ற பதிலை உனக்கே சொல்லிக்க" என்றார் டாக்டரம்மா.

சொல்லிப் பார்த்தாள். நூறு பேருக்குப் பலித்த மருந்து அவளுக்குப் பலிக்கவில்லை.

"நிக்குமா டாக்டர்?"

"மூணு பக்கம் கெட்டியா இருக்கு. முதல்ல தற்காலிகமா ஒண்ணு வெச்சு அடைச்சு, கூச்சத்தை அடக்குவோம். அப்புறம் மரத்துப்போக வெச்சு, தொளதொளன்னு இருக்கறதை எடுத்துட்டு, ஓரம் நல்ல எனாமல்ல உக்கார்ற மாதிரி அடைச்சிடலாம். அது நின்னா பல்லு நிக்கும். நிக்கலைன்னா, ஒன்பது வயசு வாக்குல எடுத்துடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். அந்த வயசுல எடுத்தாத்தான் பின்னாடி வர்ற பல்லு முன்னாடி நகர்ந்து இடத்தைப் பிடிக்கும். தாண்டிட்டா ஓட்டைதான்."

ஏழு வயதுப் பிள்ளைக்கு, முளைத்து இரண்டு வருடம்கூட ஆகாத பல்லைப் பிடுங்குவதா? எப்படியாவது பல்லைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டாள்.

தற்காலிக அடைப்பு சுலபமாக முடிந்தது. குழைந்த மருந்தைப் பல்லில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்தார் டாக்டரம்மா. இறங்கும்போது மகள், "இதுக்குத்தானா இவ்ளோ பில்டப்பு" என்றாள். ஒரு மாதம் தண்ணீர் குத்தவில்லை. வாயாடி பிரஷோடும் பேச ஆரம்பித்தாள்.

அடுத்த முறைதான் விஷயம். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே, "பஞ்சு, இன்னைக்கு நீ அம்மாவா பக்கத்துல உக்காரு. குழாய் பிடிக்க முன்னாடி சீட்டு எழுதற பொண்ணைக் கூப்பிடறேன்" என்றார்.

"அவளுக்குச் சாக்பீஸ் பல்லு பழக்கமில்ல டாக்டர். எச்சில் பட்டா ஒட்டாது. நானே பிடிக்கறேன்."

"உன்னால முடியுமா?"

"பதினாலு வருஷமா பிடிக்கறேன்."

டாக்டரம்மா குழாயை அவள் கையில் கொடுத்தார். ஊசி போட்டார். காத்திருந்தார். மகளிடம் விதியைச் சொல்லும் வேலை பஞ்சக்காவுடையது. அவள் சுருக்கமாகச் சொன்னாள். "உனக்குத் தெரியும்ல, கையைத் தூக்கினா நிறுத்துவாங்க." பழகிப் பார்க்கவில்லை. தன் பிள்ளைக்குத் தெரியாதா என்ன.

கருவி சுழல ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மகளின் இடது கை நாற்காலியின் கைப்பிடியை விட்டு மேலே வந்தது. பஞ்சக்கா பார்த்தாள். ஊசி சில சமயம் முழுசாகக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டாவது ஊசியைத் தானே எடுத்து நீட்டியிருக்கிறாள். ஆனால் அந்த நிமிடத்தில் அவள் மனசில் ஓடியது வேறு. நேற்றுகூட யாரோ ஒரு பிள்ளை கல்லுப்போல உட்கார்ந்திருந்தது. தன் பிள்ளை, இங்கேயே வேலை பார்க்கிறவளின் பிள்ளை, ஆரம்பித்ததும் கையைத் தூக்குகிறாள். டாக்டரம்மா என்ன நினைப்பார். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தால் முடிந்துவிடும்.

குழாய் பிடிக்காத கையால் மகளின் கையைப் பிடித்துக் கீழே அமுக்கினாள்.

"அழுத்தம்தான் பாப்பா. வலியில்ல."

கை மறுபடி எழும்பப் பார்த்தது. அவள் விடவில்லை. டாக்டரம்மாவின் கண் பல்லில் இருந்தது. அடைக்கிற நேரம் வந்தபோது மகளின் உடம்பு முழுக்க நடுங்கி, நாக்கு தள்ளி, பஞ்சு நனைந்து, எச்சில் உள்ளே வந்துவிட்டது. டாக்டரம்மா மறுபடி உலர்த்தி, அவசரமாக அடைத்து, மருந்து இறுக நீல விளக்கைக் காட்டி முடித்தார். "கடைசியில கொஞ்சம் ஆடிட்டா. பார்ப்போம்" என்றார்.

மகள் நாற்காலியை விட்டு இறங்கி முன்னால் நடந்தாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் அப்பா வந்ததும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பஞ்சக்காவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அப்பா, நான் கையைத் தூக்கினேன். அம்மா பிடிச்சு அமுக்கிட்டாங்க."

எப்போதும் "அம்மா வந்துட்டா", "அம்மா திட்டிட்டா" என்றே சொல்கிற பிள்ளை. அந்த "ங்க" பஞ்சக்காவின் காதில் விழுந்தது.

நான்கு மாதத்தில் அடைப்பு ஒரு பக்கம் எழும்பிவிட்டது. கண்ணாடிக்காரக் கணவர் எழும்பிய ஓரத்தை விளக்கடியில் பார்த்துவிட்டு, "ஓரம் ஈரமா இருந்தா கண்ணாடியில பசை நிக்காது. எங்க கடையில நேத்து சேர்ந்தவனுக்கே தெரியும்" என்றார். குற்றம் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். அவருக்கு மட்டும்தான் மகள் வாயைத் திறந்து காட்டினாள். பஞ்சக்கா கிட்டே போனால் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். மறுபடி மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது நாற்காலியில் ஏறினாள், சாய்ந்தாள், பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். டாக்டரம்மா கதை சொன்னார், பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார், இரண்டு கைகளையும் தூக்கித் திருடன் வேடம் போட்டார். மகள் சிரிக்கவில்லை. இப்படி இரண்டு தடவை.

"ஏன் பஞ்சு இப்படி ஆயிட்டா? முதல் தடவை நல்லாத்தானே இருந்தா?"

"தெரியல டாக்டர்" என்றாள் பஞ்சக்கா.

பொய் சொல்லிவிட்டு மூன்று வாரம் வேலை பார்த்தாள். ஒவ்வொரு பிள்ளையிடமும் "கையைத் தூக்கினா நிறுத்துவாங்க" என்று சொல்லிவிட்டுப் பஞ்சுச் சுருளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள். மகளுக்கு எட்டு வயது முடிந்திருந்தது. வாயைத் திறக்காவிட்டால் பல்லுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஒன்பது வயதில் பிடுங்க வேண்டியதுதான், அதுவும் மயக்க மருந்து கொடுத்து, வேறு பெரிய மருத்துவமனையில்.

ஒரு மதியம், கடைசிப் பிள்ளை போன பிறகு, தொட்டியில் கருவிகளைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"டாக்டர், அன்னைக்கு அவ கையைத் தூக்கினா. நான்தான் அமுக்கிட்டேன்."

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கழற்றிய உருப்பெருக்கிக் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, "நீ கையைப் பாக்கறேன்னு நம்பித்தான் நான் பல்லைப் பாக்கறேன்" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு கதவருகில் போனவர் நின்றார். "இனிமே அவ வர்றப்ப நீ உள்ள வராத. அவ அப்பாவை வரச் சொல்லு. அதுக்கு முன்னாடி, பிள்ளைகிட்ட நீ பேசணும்."

அன்று சாயங்காலம் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பஞ்சக்கா எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, அன்னைக்கு உன் கையை நான் அமுக்கினது தப்பு."

மகள் பென்சிலை நிறுத்தவில்லை. "வேற பிள்ளைங்க தூக்கினா நீங்க டாக்டர்கிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

காரணம் அவளுக்குத் தெரியும். "டாக்டர் முன்னாடி எனக்கு வெட்கமா போச்சு" என்றாள். மகள் பென்சிலை வைத்தாள். "எனக்கு வலிச்சா உங்களுக்கு ஏன் வெட்கம்?" என்று கேட்டாள். பிறகு நோட்டைத் திருப்பி அடுத்த பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் கண்ணாடிக்காரர் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு மகளோடு உள்ளே போனார். பஞ்சக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினான்கு வருடத்தில் அந்தப் பெஞ்சைத் துடைத்திருக்கிறாளே தவிர, உட்கார்ந்ததில்லை. அங்கே இருந்தால் உள்ளே என்ன சத்தம் கேட்கும், எது கேட்காது என்று அன்றுதான் தெரிந்தது. கருவி சுழல்வது கேட்கும். பேச்சு கேட்காது. சுழல்கிற சத்தம் நிற்கும்போதெல்லாம், மகள் கையைத் தூக்கியிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. எண்ணிக்கொண்டே இருந்தாள். முதல் நாள் குட்டிக் கண்ணாடியால் பார்ப்பதற்கே நான்கு தடவை நிறுத்தினார்கள் என்று கணவர் வந்து சொன்னார். இரண்டாம் நாள் பழைய அடைப்பைச் சுரண்டி எடுக்கப் பதினொரு தடவை. அன்று இரண்டாவது ஊசியும் போட்டார்கள்.

"ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா நிறுத்தினாங்க. ஒரு தடவைகூட முகம் சுளிக்கல" என்றார் கணவர்.

"அழுதாளா?"

"அழல. என் கட்டை விரலைப் பிடிச்சுக்கிட்டா. ரத்தம் கட்டிப்போச்சு பாரு." கண்ணாடி கீறிய பழைய தழும்புகளுக்கு நடுவில் நகக்குறி நீலமாக இருந்தது.

பல்லில் மிச்சமிருந்தது குறைவு. இனி அடைப்பு நிற்காது, முழுப் பல்லையும் மூடுகிற மாதிரி எஃகுத் தொப்பிதான் என்றார் டாக்டரம்மா. மூன்றாம் நாள் அதைப் பொருத்தி முடித்ததும் கதவு திறந்தது. மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள். பஞ்சக்கா எழுந்தாள்.

"பல்லு பளபளன்னு இருக்காம். சிரிச்சாத் தெரியுமான்னு கேட்டா" என்றார் கணவர். "சிரிச்சாத் தெரியாது, கொட்டாவி விட்டாத்தான் தெரியும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுலேருந்து இவளுக்கு ஒரே தூக்கம்."

மகள் அப்பாவைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டுக் காட்டினாள். பஞ்சக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். வாய் மூடிக்கொண்டது.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. தொப்பி நிற்கிறது. போன தடவை எடுத்த படத்தில் வேர் நன்றாக இருக்கிறது, இப்போதைக்குப் பிடுங்க வேண்டியதில்லை, முழுசாக வளர்ந்த பிறகு இதை மாற்றி வேறு வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மற்ற இரண்டு மஞ்சள் பற்களும் இன்னும் உடையவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகள் அப்பாவோடு வருகிறாள். அன்று முன்னால் சீட்டு எழுதுகிற பெண் குழாய் பிடிக்கிறாள், பஞ்சக்கா பெஞ்சில் உட்கார்கிறாள். வீட்டில் எல்லாம் பேசுகிறாள் மகள், பள்ளிக்கூடக் கதை, தோழிகள் சண்டை, எல்லாமே. அம்மாவைச் சொல்கிற "நீங்க" மட்டும் "நீ"யாக மாறவில்லை. பல் தேய்க்கும்போது குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறாள்.